கழிவுத்தாள் கட்டுக்குப் போன அகதியின் நூல்

அனுப்புநர்:
தா. ஜான், டிப்ளமோ (மெக்கானிக்கல்),
மாதா கோயில் தெரு, வேப்பஞ்சேரி கிராமம்,
உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: எங்கள் ஊர் கிளை நூலகக் கழிவுப் பட்டியலில் வரிசை எண் 88ஆக உள்ள ‘பெயர் கூப்பிடும் நாள்’ என்னும் நூலை, 20.02.2025 வியாழன் காலை 11 மணிக்குப் பழைய பேப்பர் லாரி வருமுன் மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டாக யாரும் இரவல் எடுக்காத நூலைக் கழிக்கலாம் என்கிறார்கள். இந்த நூலின் இரவல் சீட்டு வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்த்து ‘வாசகர் எவருமில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். சீட்டில் பொய் இல்லை. முடிவு தவறு.

2. காரணம் நாங்கள்தான். இருப்பது ஒரே பிரதி. ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் பதினைந்து நாள் மற்றவர்களுக்குக் கிடைக்காது. ஆகவே யாரும் வெளியே எடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தோம். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் நூலகத்தில் ஒருவர் உரக்கப் படிப்பார், இருபது பேர் உட்கார்ந்து கேட்போம். இப்படியே மூன்று முறை முடித்தோம். ஒரு முறைகூடப் பதியவில்லை. நூலகர் திருமதி கல்பனா மாற்றலாகி வந்தது பொங்கலுக்குப் பிறகு. அறுவடையால் அப்போது வாசிப்பு நின்றிருந்தது. அவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். “எழுதாம படிச்சிக்கினு இருந்துட்டு, இப்ப வந்து என்கிட்ட குதிச்சா நான் இன்னா ஜான் பண்றது?” என்றார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை.

3. தாங்கள் இந்த நூலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே சொல்கிறேன். எழுதியவர் சுகிர்தா. 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்து இருபத்தாறு வருடம் அகதி முகாமில் இருந்தவர். புலம்பி எழுதவில்லை, அளந்து எழுதியிருக்கிறார். எட்டடிக்கு எட்டடி அறை, ஆறு பேர், ஒரு அடுப்பு, இரண்டு டிரங்குப் பெட்டி. கம்பெனியில் அளவு பார்ப்பதே என் வேலை. சும்மா இருக்க முடியாமல் அந்த அறையைப் பேப்பரில் அளவோடு வரைந்தேன். எப்படிப் போட்டாலும் ஐந்து பேர்தான் படுக்க முடிந்தது. அம்மணி கணக்கில் தப்பு விட்டிருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன். ‘அம்மாவுக்குத் தூக்கமே வராது என்று நம்பித்தான் நாங்கள் வளர்ந்தோம்’ என்று இருந்தது. அன்று ஷிப்டில் ஒரு பீஸைக்கூட என்னால் ஒழுங்காக அளக்க முடியவில்லை.

4. முகாமில் குறித்த நாளில் பெயர் கூப்பிடுவார்கள். கார்டோடு நேரில் நிற்காதவர் பெயரை ஏட்டில் அடித்துவிடுவார்கள். கூலிக்குப் போன இடத்தில் பஸ்ஸைத் தவறவிட்ட சுகிர்தாவின் அண்ணன் பெயர் அப்படி அடிக்கப்பட்டது. ஆள் எதிரே நிற்கிறான், ஏட்டில் இல்லை. அதைத் திரும்ப எழுதவைக்கப் பதினான்கு மாதம் அலைந்த கதை ஒரு முழு அத்தியாயம். பதிவேடு வைத்திருக்கும் ஒவ்வொரு அதிகாரியும் அதைப் படிக்க வேண்டும். தங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

5. இனி அவசரத்துக்கான காரணம். எங்கள் தெரு ஆல்பர்ட்டின் மனைவி பிரிஸ்கில்லா, நடவுக்குப் போகிறவர். படகில் வந்த பதினோரு பேரின் பெயர்களும் இந்நூலில் 143ஆம் பக்கத்தில் உள்ளன. முதல் வாசிப்பில் ஏழாவது பெயரைப் படித்ததும் அவர் எழுந்து வந்து அதன் மேல் விரலை வைத்தார். செபஸ்தியம்மா. அவருடைய தாயார். எட்டாவதாக ‘அவர் கைக்குழந்தை’ என்றிருக்கிறது. அந்தக் கைக்குழந்தைதான் பிரிஸ்கில்லா; அவர் அகதியாக வந்தவர் என்பதே அன்றுதான் ஊருக்குத் தெரியும். கரையேறிய ஆறாம் மாதம் தாயார் இறந்துவிட்டார். போட்டோ இல்லை. புதைத்த இடத்தில் கல் இல்லை. அந்தப் பெயர் அச்சில் இருப்பது அந்த ஒரு பக்கத்தில்தான்.

6. வேறு பிரதி வாங்கலாமே என்பீர்கள். சுகிர்தா 2019இல் காலமாகிவிட்டார். பதிப்பகத்தின் எண்ணுக்கு அடித்தால் ஒரு மெத்தைக் கடைக்காரர் எடுக்கிறார். ‘யாருக்கும் தெரியாம கட்டுலேர்ந்து உருவிக்கினு போ’ என்று ஒருவர் வழி சொன்னார். திருடுவதானால் மனு எதற்கு? அந்தப் பக்கத்தை முன்பே போனில் படம் எடுத்திருந்தேன். அதை பிரிஸ்கில்லா அக்காவுக்கு அனுப்புவதாகச் சொன்னேன். “எங்கம்மா பேரு என் போனுக்குள்ள கீதுன்னா எனக்கு மட்டுந்தான் தெரியும், தம்பி. அங்க அலமாரில இருந்தா போறவன் வர்றவன்லாம் படிப்பான்ல?” என்றார்.

7. நூல் இப்போது மூன்றாவது கட்டுக்குள், நைலான் கயிற்றில் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் எண் அடிக்கப்பட்டுவிட்டதால் தங்கள் எழுத்து உத்தரவு இல்லாமல் அவிழ்க்க முடியாதாம். ஆகவே நூலை வெளியே எடுக்கவும், இரவல் தராத பார்வை நூலாக மறுபடி பதியவும் உத்தரவிட வேண்டுகிறேன். மூன்று வாசிப்பிலும் மாறி மாறி வந்து கேட்ட 41 வாசகர்களின் கையொப்பம் இணைத்துள்ளேன். அதில் ஒன்பது கைநாட்டு. அவர்கள் காதால் படித்தவர்கள். வாசகர் கணக்கில் அவர்களையும் சேர்க்க வேண்டும். இனிமேல் ஒவ்வொரு வாசிப்பையும் பதிவோம் என்று எழுதிக் கொடுக்கவும் தயார்.

தபாலில் போட்டால் நாள் தப்பிவிடும் என்பதால் நேரில் தருகிறேன். இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன். தங்கள் அலுவலக வராந்தாவில்தான் இருப்பேன். வியாழக்கிழமை பிரிஸ்கில்லா அக்கா நடவுக்குப் போகவில்லை. கயிறு அறுக்கக் கத்தரிக்கோலோடு நூலக வாசலில் நிற்பார். தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும், ஐயா.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 18.02.2025

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
தா. ஜான்

இணைப்பு: வாசகர் கையொப்பங்கள் – 3 தாள்கள்.