பெண்கள் பெஞ்சுத் தண்டனை

16-7-79, திங்கள்
ஆடி பிறக்குமுன்பே இந்தக் காற்று. வகுப்பெல்லாம் புழுதி. டெஸ்ட் பேப்பர் பாதி பாக்கி. செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் சயின்ஸ் சார் இன்று செல்லத்துரையைப் பெண்கள் பெஞ்சில் உட்கார வைத்தார். பதில் தெரியாத பையன்களுக்கு இந்தப் பள்ளியில் இதுதான் தண்டனை. கோமதி பக்கத்தில். அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். அவன் அழுதுவிட்டான். "என்னல, பொட்டப்பிள்ள கணக்கா அழுதுக்கிட்டு?" என்றார் சார். வகுப்பே சிரித்தது. பெண்களும்தான்.

17, செவ்வாய்
எச்.எம்.மிடம் கேட்டேவிட்டேன். பெண்கள் பக்கத்தில் உட்காருவது தண்டனை என்றால், தினமும் அங்கே உட்காரும் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன?

"டீச்சர், நீங்க இங்கன புதுசு. ரோஷம் வரணும்லா. ரோஷம் வந்தாத்தான் பய படிப்பான்." காபி வரவழைத்துக் கொடுத்தார். ஆறிப்போன காபி.

19, வியாழன்
பள்ளிச் சுவரில் கரியால் செல்லத்துரை, கோமதி பெயர்கள். நடுவில் கூட்டல் குறி வேறு. பியூனை விட்டு அழித்தேன். மதியத்துக்குள் மறுபடி.

கோமதியின் அண்ணன் சங்கரலிங்கம் இங்கேயே பத்தாவது. செல்லத்துரையை உதடு கிழிய அடித்துவிட்டான். ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் சார்: "ஆம்பளப் பயன்னா இப்படில்லா இருக்கணும்." எரிச்சலில் எழுந்து போய்விட்டேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

23, திங்கள்
கோமதி வரவில்லை. கணக்கில் வகுப்பு முதல் அவள்தான். செருப்பு இன்னும் தைக்கவில்லை.

24, செவ்வாய்
மாலை கோமதி வீட்டுக்கு. தெரு முழுக்கத் தறிச் சத்தம், கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அம்மா சொன்னது: "படிச்சது போதும் டீச்சர். இவ அண்ணன் வெளிய தலை காட்ட முடியலங்கான்."

அவன் மட்டும் பள்ளிக்கு வருகிறானே என்றேன்.

"அவன் ஆம்பளப் பிள்ளல்லா."

கோமதி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கிளம்பும்போது வாசலுக்கு வந்து, "டீச்சர், இப்ப எந்தக் கணக்கு நடத்துதிய?" சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். வழியெல்லாம் எதற்கு இந்த வேலை என்றே இருந்தது. மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

27, வெள்ளி
அட்டெண்டன்ஸில் கோமதி பெயரை அடித்தாயிற்று.

எச்.எம். கூப்பிட்டனுப்பினார். நல்ல உற்சாகத்தில். "நீங்க சொன்னத யோசிச்சேன் டீச்சர். பொம்பளப் பிள்ளைக பேரு கெடக் கூடாதுல்லா. இனி பயலுவள அங்கன உக்கார வைக்க வேண்டாம்னுட்டேன். தலையில ரிப்பனக் கட்டி வெளிய நிறுத்தினாப் போதும்."

நான் சொன்னது இதுவா?

கடைசி பீரியட், சயின்ஸ். வராந்தாவில் போனவள் நின்றேன். செல்லத்துரை வாசலில், உதட்டு வீக்கம் வற்றாமல். "ஏட்டி, யாராவது ஒரு ரிப்பன் குடுங்க" என்றார் சார். நான்கு பேர் அவிழ்த்து நீட்டினார்கள்.

பள்ளி விட்டதும் அதில் ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன், நீ ஏன் கொடுத்தாய் என்று. சடை பாதி அவிழ்ந்து கிடந்தது.

"இனி எங்க பக்கத்துல உக்கார மாட்டான்லா. எங்க வீட்லயும் அண்ணன் இருக்கான் டீச்சர்."