மேட்டின் மேல் கடை இல்லை

எது உன்னைக் கொண்டுபோனது, அண்ணா? சுரங்கத்துக்குள் நீ வேலை பார்த்த வருடங்களின் தூசியா? சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வேலைக்குப் போன ரயிலின் கதவோரம் நின்று நீ ஊதித் தள்ளிய சிகரெட்டுகளா? அவற்றை விடுவதற்காக நீ ஏறிய சயனைடு மேட்டின் மண்ணா? எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டும் தெளியவில்லை. இன்று காலை காற்று அடித்தது. மாரிகுப்பத்தில் உன் வீட்டு ஜன்னலை ஈரத் துணியால் துடைத்தேன். அந்தச் சாம்பல் நிற மாவு துணியோடு வந்தது. தண்ணீர் பட்டதும் அதிலிருந்து எழுகிற துருப்பிடித்த வாசனையை நீயும் அறிவாய்.

ஷீலாவுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று இதே ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாய்.

"சர்ச்சுல என்னைக் கையப் புடிச்சு இட்னு போறது நீங்கதான்ப்பா. ஆனா சிகரெட் நாத்தத்தோட வந்தீங்கன்னா நான் தனியாவே நடந்து போயிடுவேன்" என்றாள் உன் மகள்.

எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. அண்ணி இறந்த பிறகு அந்தப் பெண்ணுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவன் நீ. வாசலிலிருந்து பீடம் வரை அவளை உன் காலால் நடந்து கூட்டிப்போக வேண்டும் என்பதைத் தவிர அன்றிலிருந்து நீ வேறொன்றும் கேட்கவில்லை.

சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் வேகமாக நட என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நீ மேட்டில் ஏறத் தொடங்கினாய். பாறையை அரைத்து, சயனைடு கலந்து தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், மலைபோல் குவிந்து கிடக்கிறது. சிறு வயதில் தகரத்தில் உட்கார்ந்து சறுக்கிய இடம் என்பதால் அது நமக்கு மலை. உடம்பைத் தேற்றிக்கொள்ள அங்கே போவது வெளியூர்க்காரர் எவருக்கும் தோன்றாது. நம் ஊரில் அதை யாரும் வினோதமாகவே நினைக்கவில்லை.

ஒரு ஞாயிறு மாலை நானும் உன்னோடு வந்தேன். டீக்கடையில் உன் பழைய ஷிப்டுக் கூட்டாளி சார்லஸ் சிகரெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா, மைன் மூடி எத்தினி வருசமாச்சு, இன்னும் ஷிப்டுக்குப் போறே?"

"இது மேல்ஷிப்டுடா. ஏத்தி எறக்க கேஜ் கெடையாது, நடந்துதான் ஏறணும். நீ வரியா?"

"நான் கீழேயே சாவுறேன், நீ போ."

பாதி மேட்டில் மூச்சு வாங்க நின்றோம். ஊரில் எவ்வளவோ ரோடு இருக்க இங்கே ஏன் என்று கேட்டேன்.

"கீழ நடந்தா முக்குக்கு முக்கு கடை. ஒவ்வொரு கடையிலயும் ஒரு சார்லஸ். மேல இன்னா கடை இருக்குது?"

உடற்பயிற்சி அந்த ஏக்கத்தைக் கொஞ்ச நேரம்தான் தள்ளிப்போடும் என்று எங்கோ படித்திருந்தேன். சொன்னேன்.

"கொஞ்ச நேரம் போதும்மா. அது திரும்ப வந்தா, திரும்ப ஏறுவேன்."

நான் நம்பவில்லை. ஆனால் நீ விட்டுவிட்டாய். சட்டையில் வாடை போனது. இருமல் மட்டும் போகவில்லை.

பெங்களூரில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பழைய தழும்புகளும் புதிய கட்டியும். எங்கே நடக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நீ சொன்னாய். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு நான் தனியாகப் போய், அந்த மண்தான் காரணமா என்றேன். "சில மாதத்தில் வருகிற நோய் இல்லை இது" என்றவர், கூடவே, "நல்லதும் செய்திருக்காது" என்றார்.

மேடு ஏறுவது நின்றுபோனது. சிகரெட் ஆசை நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்க, சார்லஸ் உன் அருகே உட்கார்ந்து பாக்கெட்டைத் திறந்து நீட்டினார்.

"இனிமே இன்னாத்துக்குடா இந்த வீம்பு? ஒண்ணு புடி."

அவர் கண் கலங்கியிருந்தது. நீ என்னைப் பார்த்தாய்.

"நீ படிச்சவ. சொல்லு. இப்ப ஒண்ணு புடிச்சா இன்னா கெட்டுப்பூடும்?"

"ஒண்ணும் கெடாதுண்ணா" என்றேன். அதுதான் உண்மை. வேறு எதையும் சொல்ல எனக்கு வராது.

நீ தலையசைத்தாய். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து நடக்க ஆரம்பித்தாய். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. பூ தொடுத்துக்கொண்டிருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். இருமல் வந்தபோது நின்றாய், அடங்கியதும் நடந்தாய். சார்லஸ் வெகு நேரம் பார்த்திருந்துவிட்டுப் பாக்கெட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். "போதும் உக்காருடா, டேய்" என்றார். நீ உட்காரவில்லை. நான் சொன்ன உண்மையையும் நீ செய்த காரியத்தையும் ஒன்றாகவே வைத்திருக்கிறேன். இன்றுவரை ஒன்றால் மற்றதைத் தள்ள முடியவில்லை.

மறுநாள் நடந்தது இது. சர்ச் வாசலில் ஷீலா உன் கையைப் பிடித்தாள். பாட்டு தொடங்கியது. பாதி வழி நன்றாகவே வந்தாய். அங்கே நின்றாய். உதடு நீலம் பாரித்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுக்க, உட்கார்ந்தாய். ஷீலாவும் உன் பக்கத்தில் உட்காரப் போனாள். நீ பேச முடியாமல் அவள் கையை எடுத்து என் கையில் வைத்து, போங்க என்று விரலை அசைத்தாய். மீதி வழியை நான் அவளோடு நடந்தேன். பீடம் சேரும்வரை எங்கள் பின்னால் நீ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.