ரெக்ஸின் சோபா

ஜூன் 8
சோபா வந்தாயிற்று. அசல் தோல். தண்ணீர் ஆகாது, உலர்ந்த துணியால் துடையுங்கள், எப்போதாவது கொஞ்சம் க்ரீம் என்று கடை ஆள் சொல்ல, இவர் ஜெனரல் மேனேஜர் தோரணையில் தலையாட்டினார்.

சாயங்காலம் சென்னைக்கு போன். மாமனார் அடுத்த வாரம் வருகிறார், இனி எங்களோடுதான். "புது சோபாப்பா. ரெக்ஸின்." இவருக்கு ஐம்பத்திரண்டு வயது! வீட்டுக்குள் தோல் வந்தால் அப்பா முகம் சுளிப்பாராம். எனக்கும் உத்தரவு, வாயைத் திறக்கக் கூடாது.

ஜூன் 17
மாமனாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. குளித்ததும் ஈரத்துணியைப் பிழிந்து சோபாவை மூலைமுடுக்கு விடாமல் துடைக்கிறார். ரெக்ஸின்தானே! வேலைக்கு வரும் மாஷிக்குக் கூட அந்தப் பாக்கியம் இல்லை. இவர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

ஜூலை 9
விடாத மழை. சோபாவில் பூஞ்சை.

ஜூலை 12
ஆபீஸையே மிரட்டும் மனிதர், அப்பா வாக்கிங் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மண்டி போட்டு க்ரீம் தடவுகிறார். கரியாஹாட் மார்க்கெட் வரை போய் வாங்கி, சட்டைகளுக்கு நடுவே ஒளித்து வைத்த டப்பா. என்னடா வாசனை என்று அவர் கேட்டதற்கு, ஷூ பாலிஷாம். ஞாயிற்றுக்கிழமை!

நாளைக்கு மறுபடி ஈரத்துணிதான். இந்தக் கூத்துக்கு நான் வேறு வாயை மூடிக்கொண்டு —

ஜூலை 26
மாமனார் துணியோடு நின்றார். "ஏம்மா மாதங்கி, ரெக்ஸின்ல பூஞ்சை பிடிக்குமா?"

இவரைப் பார்த்தேன். பேப்பருக்குள் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல்தான் அப்பா என்று சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. துணியை மடித்து வைத்தார். "சொல்லியிருந்தா ஒரு துண்டை விரிச்சுண்டு உக்காந்திருப்பேனேடா."

பேப்பர் அசையவில்லை. ச்சீ! தப்புதாம்ப்பான்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா இந்த மனுஷனுக்கு? இதுக்கு ஒரு பதவி, இதுக்கு ஒரு சோபா!

ஆகஸ்ட் 2
மாமனார் கிளம்பிவிட்டார். நாத்தனார் ரஞ்சனா வீட்டுக்கு. பெண் வீட்டில் போய்த் தங்குவதா என்று இத்தனை வருஷம் மறுத்தவர். தோலுக்காகப் போகவில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார். "நான் இங்க இருந்தா அவன் தெனமும் ஏதாவது பொய் சொல்லிண்டிருக்கணும். பாவம்மா."

இவர் ஏர்போர்ட்டில் பெட்டியைத் தூக்கினார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 30
உலர்ந்த துணி மட்டும்தான் இப்போது. பூஞ்சை போய், சோபா பளபளவென்று இருக்கிறது. யாரும் உட்காருவதில்லை.

காலையில் மாமனார் போன் செய்தார். காவிக்கரை போட்ட துண்டை இங்கே விட்டுவிட்டேனா என்று கேட்டிருக்கிறார். "இல்லையேப்பா" என்றார் இவர். அடுக்களையிலிருந்து கேட்டேன். அதற்கும் ஒரு பொய்.

மத்தியானம் தூங்கி எழுந்து ஹாலுக்கு வந்தேன். இவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார், அந்தத் துண்டை விரித்துக்கொண்டு.