எதிரிப் பேட்டையிலிருந்து ஒரு டிரம்ஸ்காரன்

14 ஆகஸ்ட் 1982, சனி
எங்கள் டிரம்ஸ்காரன் வால்மீர் விலகிவிட்டான். அவன் அப்பா அவனைக் கார் ஆலையில் சேர்த்துவிட்டார், இரவு ஷிப்ட். இனி ‘துரு’ இசைக்குழுவில் நானும் சுவேலியும்தான். நான் பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பேன், அவள் கிதார். டிரம்ஸ் இல்லாத பங்க் இசை, உப்பில்லாத பீன்ஸ். அடுத்த மாதம் நம் பேட்டை மன்றத்தில் முதல் நிகழ்ச்சி. எங்கள் ஊர் சாந்தோ அந்த்ரே முழுக்கத் தேடியாகிவிட்டது.

22 ஆகஸ்ட், ஞாயிறு
சுவேலி ஒருவனைப் பிடித்துவிட்டாள். பெயர் நிவால்தோ. ஆனால் சாவ் பாவ்லோக்காரன், அதுவும் வடக்குப் பேட்டை! நம் பையன்களுக்கும் அவர்களுக்கும் எங்கே பார்த்தாலும் அடிதடி. முதுகில் அவன் கோஷ்டியின் பெயர் எழுதிய ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினான். பார்த்ததும் சிரிப்பு வந்தது. வாசிக்கத் தொடங்கினான், சிரிப்பு நின்றது. அடேயப்பா, என்ன கை!

25 ஆகஸ்ட்
அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

28 ஆகஸ்ட், சனி
வீட்டில் ரகளை. அண்ணன் அதில்சன்தான் நம் பேட்டைக் கோஷ்டிக்குத் தலைவன் மாதிரி.

“நம்ம பசங்க மூக்க ஒடச்சவனுங்கடி அவனுங்க!”

“இவனா ஒடச்சான்?”

“எவன் ஒடச்சா என்ன? எல்லாம் ஒரே கூட்டம். அவன் மேடை ஏறினா பாட்டில் பறக்கும், சொல்லிட்டேன்.”

எனக்கும் பொறுக்கவில்லை. “ஸ்ட்ரைக் பண்ணதுக்கு உன்ன வேலைய விட்டுத் தூக்கினானே அந்த மேனேஜர், அவன் மேல எறியேன் பாப்போம். முடியாதுல்ல? எங்க மேலன்னா மட்டும் வீரமா?”

அண்ணன் நாற்காலியை எட்டி உதைத்தான். “சத்தம் போடாதீங்க, டிவில நாடகம் ஓடுது,” என்றாள் அம்மா. அந்தப் பேச்சைச் சொல்லியிருக்க வேண்டாமோ? இல்லை. சொன்னது சொன்னதுதான். நிவால்தோவை விடமாட்டேன்.

12 செப்டம்பர், ஞாயிறு
நேற்று வாசித்தோம். வாசித்தே விட்டோம்!

இரண்டாவது பாடலிலேயே பாட்டில் பறந்து வந்தது. நிவால்தோவின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவன் நிறுத்தவில்லை. நான் மைக்கில் கத்தினேன்: “அடுத்தது எனக்கு! குறி பாத்து எறிங்கடா, சோம்பேறிங்களா!”

இடைவெளி விட்டால்தானே கூச்சல் போடுவார்கள்? விடவே இல்லை. எங்களிடம் இருப்பதே எட்டுப் பாட்டு. எட்டையும் மூச்சு விடாமல் அடித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து அடித்தோம். இரண்டாவது சுற்றில் பாதிப் பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய ரோஷக்காரர்கள்!

அண்ணன் கையிலும் ஒரு பாட்டில் இருந்தது. கடைசிவரை அவன் எறியவில்லை.

19 செப்டம்பர்
நிவால்தோவுக்குப் புருவத்தில் தையல். முதல் கேள்வியே, “அடுத்த ஒத்திகை எப்போ?” லூசு.

2 அக்டோபர், சனி
நேற்று அவனுடைய சொந்தக் கோஷ்டியே அவனை அடித்திருக்கிறது. எங்களோடு வாசித்த குற்றத்துக்காக. ஜாக்கெட்டையும் உருவிக்கொண்டு, இனி தெருப்பக்கம் வராதே என்று விரட்டிவிட்டார்கள். இப்போது சுவேலி வீட்டுப் பின்கட்டில் படுத்திருக்கிறான்.

சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன், அண்ணன் காதில் விழட்டும் என்றே. தட்டைப் பார்த்தபடி கேட்டான்: “அவன் என்ன சொன்னானாம்?”

“‘நான் துருவோட டிரம்ஸ்காரன், அடிக்கிறதுன்னா அடிச்சுக்கோங்க’ன்னானாம்.”

அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டான்.

16 அக்டோபர்
வடக்குப் பேட்டை மன்றத்திலேயே வாசிக்கக் கேட்டோம். அடுத்த சனிக்கிழமை கொடுத்திருக்கிறார்கள். சுவேலிக்குப் பயம். எனக்கும்தான். ஆனால் அவனுடைய ஊரில் அவன் வாசிக்க எவன் அனுமதி வேண்டும்? போகிறோம்.

24 அக்டோபர், ஞாயிறு
நேற்று எங்கள் ரயில் நிலையத்தில் அண்ணனும் எட்டுப் பையன்களும் நின்றார்கள், தடுக்கத்தான் வந்தார்கள் என்று நினைத்தேன். அண்ணன் வந்து நிவால்தோ தோளிலிருந்த பெரிய டிரம்மை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறினான்.

எட்டுப் பாட்டும் வாசித்தோம். அடிதடியில் அண்ணனுக்கு முன்பல் ஒன்று போயிற்று.

காலையில் அம்மா காபியோடு கூடத்துக்கு வந்து அலறினாள். “சோபால யாருடி இது?”

தரையில் படுத்திருந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: “நம்ம பையன்மா. எழுப்பாத.”