ஒன்பதாம் தட்டில் இருப்பவர்

மார்ச் 3, காலை 6.10

சுற்றுப்பாதை ஆய்வகம். வெப்பம் 37 டிகிரி. நாற்பது தட்டுகளுக்கும் ஊட்டத் திரவம் விட்டாயிற்று. ஒவ்வொரு தட்டிலும் ஒரு நோயாளியின் புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்த சிறு உருண்டை. எடையில்லாத இடத்தில், உடலுக்குள் வளர்வது போலவே வளர்கிறது. துணுக்கு எடுத்து நான்கு மருந்துகளில் சோதிப்பேன். எது கரைக்கிறதோ, அதைக் கீழே அந்த நோயாளிக்குக் கொடுப்பார்கள். இங்கே ஆள் நான் ஒருத்திதான்.

ஒன்பதாம் தட்டுக்காரர் எஸ்தர். பாளையங்கோட்டையில் தையல்கடை. இன்று கீழிருந்து பேசினார்: "ஏட்டி பேச்சி, நான் மதுரையத் தாண்டுனதில்ல. என் கட்டி வானத்துல சுத்துது பாரு. நல்லா பாத்துக்கோ. ரொம்ப நல்லா பாத்துக்காத."

வழக்கம்போல் வெறுமே சிரித்தேன்.

மார்ச் 11, மாலை 4.30

மூன்றாம் மருந்தில் நாற்பது துணுக்குகளும் கரைந்தன. தலைவர் டாக்டர் நரசிம்மன்: "சபாஷ்! நாப்பதுக்கு நாப்பது!" எஸ்தருக்கு இன்றே ஊசி தொடங்கிவிட்டார்கள்.

பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஜனவரியில் ஒவ்வொரு உருண்டையும் ஒவ்வொரு விதம். இப்போது எல்லாம் ஒரே முகம். சொன்னேன்.

"படத்தைப் பாத்து ஜாதகம் சொல்ற வேலை உனக்கு வேண்டாம், பேச்சியம்மாள்."

மார்ச் 12, காலை 9.00

மரபணுச் சோதனை முடிந்தது. நாற்பதும் முதல் தட்டுக்காரர் ஞானப்பிரகாசத்துடையவை. திரவம் மேலே அனுப்பச் செலவு என்று, எல்லாத் தட்டுக்கும் ஒரே புட்டி, ஒரே குழாய் போதும் என்று பிப்ரவரியில் உத்தரவு. அவருடைய செல்கள் வேகமானவை. குழாய் வழியே போய் மற்றவர்களுடையதை அழித்துவிட்டன. எஸ்தர் உடம்பில் ஏறுவது வேறொருவருக்கான மருந்து.

நிறுத்தச் சொன்னேன். நரசிம்மன்: "ஞானப்பிரகாசம் தேறிட்டு வர்றாரு. வெற்றின்னு அறிவிச்சாச்சு. இப்பக் குழாய்க் கதை சொன்னா ஆய்வகத்தையே மூடிடுவாங்க."

அதன்பின் நான் அனுப்புவதெல்லாம் தன் மேசைக்கு மட்டும் வரும்படி செய்துவிட்டார். நோயாளிகள் பேசுவதைக் கேட்கலாம். பேச முடியாது.

உறைபெட்டியில் எஸ்தர் கட்டியின் அசல் துண்டு ஒன்று இருந்தது. ஒன்பதாம் தட்டைச் சுத்தம் செய்து, புதுக் குழாயில் வளர்க்கிறேன்.

மார்ச் 24, காலை 11.15

எஸ்தர்: "பேச்சி, வாயெல்லாம் புண்ணு. தண்ணி இறங்கல. கட்டி பெருசாகுதேன்னு கேட்டா, மேல கரைஞ்சாச்சு, கீழயும் கரையும்ங்காங்க. அவங்கள விடு. நீ கண்ணால பாத்தியாட்டி? நீ சொன்னா இன்னும் ரெண்டு ஊசி தாங்கிக்கிடுவேன்."

இல்லை என்று கத்தினேன். என் குரல் கீழே போவதைக் காட்டும் விளக்கு எரியவேயில்லை.

"நீ எப்பவும் இப்படித்தான், வாயத் தொறக்க மாட்ட. சரி. சரின்னே எடுத்துக்கிடுதேன்."

ஏப்ரல் 2, காலை 7.40

அசல் துண்டு வளர்ந்துவிட்டது. இரண்டாக்கினேன். ஒரு பாதி இரண்டாம் மருந்தில் முழுவதும் கரைந்தது. அனுப்பினேன்: எஸ்தருக்கு இரண்டாம் மருந்து. உடனே.

பதில்: "ஒன்பதாம் நோயாளி நேத்து தவறிட்டாங்க. மீதிப் பாதியக் கொட்டிடாத. அரிய வகை. புது மருந்துகளுக்கு நல்ல மாதிரி. வளத்துக்கிட்டே இரு."

ஏப்ரல் 3

இதைக் கண்டெடுப்பவருக்கு. தட்டுகளின் பெயர்களை நம்பாதீர்கள். எல்லாம் ஒரே ஆள். ஒன்பது மட்டும் எஸ்தர் அக்கா. நேற்றைவிடப் பெரிதாக இருக்கிறார்.

அவருடைய ஊட்டக் குழாயை மூடினேன். ஓரம் கறுக்கத் தொடங்கியது. திறந்துவிட்டேன். மூடினேன். என்னால் அவரை இரண்டாம் தடவை சாகவிட முடியவில்லை.