பெரிய துளை ஜெட்

1936 மார்ச் 6, வெள்ளி. மயிலாப்பூர்.

எஜமானின் கார்களை ஒன்பது வருடமாகப் பார்த்துவருகிறவன் நான். ஆனால் காற்றை அழுத்தி வேகம் கூட்டும் சூப்பர்சார்ஜர் போட்ட புது வண்டியை நாளைய பந்தயத்தில் ஓட்டப்போவது, போன மாதம் வந்த கோவிந்தன். பெட்ரோலில் சாராய ஸ்பிரிட் கலந்தால் இன்ஜின் கொதிக்காமல் பறக்கும் என்று இன்று எஜமானிடம் சொன்னான். "மூளைக்காரன்டா!" என்று எஜமான் அவன் முதுகில் தட்டினார். என்னை ஒரு நாளும் அப்படித் தட்டியதில்லை.

ஸ்பிரிட் கலந்தால் எரிபொருள் கூடுதலாகப் பாய வேண்டும். கார்புரேட்டரில் எரிபொருள் வரும் சின்னத் திருகை எடுத்துவிட்டுப் பெரிய துளை ஜெட் மாட்டாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். கோவிந்தன் அதை மறந்துவிட்டான். ஸ்பிரிட் யோசனையை நேற்றே என்னிடம் சொல்லியிருந்ததால், நான் ஒரு ஜெட்டின் துளையைப் பெரிதாக்கிக் கொண்டுபோயிருந்தேன். அந்தத் தட்டலைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லோர் முன்னாலும் வண்டி நிற்கட்டும், அவன் அசடு வழியட்டும் என்று இருந்துவிட்டேன்.

எஜமானின் அடையாறு பங்களாவிலிருந்து நான் கிளம்பும்போது கோவிந்தன் பின்னாலேயே ஓடிவந்தான். "அண்ணே, நாளைக்குப் பக்கத்து சீட்ல நீதான் குந்தணும். எஜமான் கைல சொல்லிட்டேன். நீ இல்லாங்காட்டி எனக்குக் கையே ஓடாது."

சரி என்றேன். ஒன்பது வருடமாக வாய்விட்டுக் கேட்காமல் ஏங்கிய சீட்டு அது. அதையும் அவன்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜெட் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. காலையில் சீக்கிரமே போனால் மாட்டிவிடலாம்.

மாட்டினால் அவன் ஜெயித்துவிடுவான்.