ஆப்பு அடித்த துளை

2004 மார்ச் 9, செவ்வாய். ஷார்ஜா.

இன்றைக்கு மரக்கப்பலைச் சோதிக்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். உள்ளே இறங்கிப் பலகையில் துளை போட்டுப் பார்ப்பது தச்சனான என் வேலை. அடிப்பலகையில் கறுப்பாக, ஈரமாகத் தூள் வந்தது; மரம் உள்ளே அழுகிப் போயிருக்கு. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு தோணியிலும் இதே தூள்தான். அந்தத் தோணி கரைக்குத் திரும்பவில்லை.

பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் காதோடு சொன்னான்: "சாச்சா, அச்சான்னு சொல்லு. இல்லேன்னா லீவு மாஃபி." மாஃபின்னா அரபியில் 'கிடையாது'. ஊருக்குப் போக நாலு வருஷமாகக் கெஞ்சி வாங்கின லீவு. மேலே இருந்தபடியே சர்வேயர், பலகை நல்லா இருக்கா என்று கேட்டார். "அச்சா சார்" என்றேன். துளையில் ஆப்பு அடித்து மூடினேன். அவர் இங்கிலீஷில் எழுதின தாளை எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் இருப்பது என் சொல்.

சாயங்காலம் கப்பல் சமையல்காரன் சூசை, நம்ம ஊர்க்காரன், மீன்குழம்பு கொண்டு வந்தான். "அண்ணாச்சி, நீங்க தொளை போட்டுப் பாத்த கப்பல்லா, காலை நீட்டித் தூங்குவேன்" என்று சிரித்தான். குழம்பு தொடாமல் அப்படியே இருக்கு.

விடிஞ்சதும் கப்பல் சோமாலியாவுக்குக் கிளம்புது. சூசையை வயித்துவலின்னு படுக்கச் சொல்லி நிறுத்திடலாம். மத்த பதினோரு பேருக்கு நான் என்ன சொல்ல?